எனக்குத் தெரியாமல், என் அறிவின்றி

அந்த ஆச்சி அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்தார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். கணவர் காலமான பிறகு, பாகம் பிரிக்காத நிலத்தைக் கொழுந்தன் யாருக்கோ கிரயம் செய்து கொடுத்துவிட்டார் என்று வழக்கு. நான் அப்போது திருநெல்வேலியில் ஒரு வழக்கறிஞரிடம் மொழிபெயர்ப்பு வேலை பார்த்துவந்தேன். பிரமாண வாக்குமூலம் ஆங்கிலத்தில் தயாராகும். அதைத் தமிழில் எழுதி, ஒப்பமிடப் போகிறவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சரியென்ற பிறகு கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். ‘தமிழில் படித்துக் காட்டப்பட்டு, புரிந்துகொண்டு ஒப்பமிட்டார்’ என்ற வரி கடைசியில் இருக்கும். அந்த வரி பொய்யாகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பொறுப்பு.

ஆங்கிலத்தில் ‘வித்தவுட் மை நாலெட்ஜ்’ என்று இருந்தது. நான் ‘எனது அறிவின்றி எனது கொழுந்தனார் மேற்படி சொத்தை விக்கிரயம் செய்துவிட்டார்’ என்று எழுதியிருந்தேன். வாசித்தேன். ஆச்சி கையை உயர்த்தினார்.

“நிப்பாட்டு தம்பி. எனக்கு அறிவு இல்லன்னா எழுதியிருக்க?”

“அப்படி இல்ல ஆச்சி. உங்களுக்குத் தெரியாம வித்துட்டாருன்னு அர்த்தம்.”

“அப்ப அதயே எழுத வேண்டியதுதான? எனக்குத் தெரியாம வித்தான். அறிவில்லாமயா நாலு பிள்ளைகளக் கரயேத்துனேன்?”

அந்தப் பக்கத்தைத் திரும்பத் தட்டச்சு செய்து, ‘எனக்குத் தெரியாமல்’ என்று போட்டு, மறுபடி முழுவதும் வாசித்துக் காட்டினேன். அந்த இடம் வந்தபோது தலையசைத்தார். பிறகுதான் கைநாட்டு வைத்தார். அன்று முதல் ‘நாலெட்ஜ்’ என்ற சொல்லை எங்கே கண்டாலும் நான் நின்றுதான் போகிறேன். தினமும் பத்து தடவை கண்ணில் படும் சொல் அது. அகராதியைத் திறந்தால் முதல் பொருளாக ‘அறிவு’ என்று இருக்கும். அந்த முதல் பொருள் பாதி இடங்களில் நம்மைக் கவிழ்த்துவிடுகிறது.

‘நாலெட்ஜ்’ என்ற பெயர்ச்சொல்லுக்குத் தாய் ‘நோ’ என்ற வினை. ‘இல்லை’ எனப்படும் ‘நோ’ அல்ல. எழுத்தில் முன்னால் ஒரு கே நின்று, வாயில் மட்டும் வராமல் போகிற ‘நோ’. இந்த வினையைத் தமிழுக்குக் கொண்டுவருவதில் எந்தச் சிக்கலும் இல்லை என்பதுதான் வியப்பு. ஜெர்மனில் செய்தி தெரிவதற்கு ‘விஸ்ஸன்’, ஆளைத் தெரிவதற்கு ‘கென்னன்’ என்று தனித்தனி வினை. பிரெஞ்சில் ‘சவ்வார்’, ‘கொன்னெத்ர்’. ஸ்பானிஷில் ‘சபேர்’, ‘கொனொசேர்’. அந்த மொழிகளைக் கற்கிறவர்கள் எந்த இடத்தில் எதைப் போடுவது என்று மாதக்கணக்கில் தடுமாறுவார்கள். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே ‘நோ’. தமிழிலும் ஒரே ‘தெரியும்’. பதில் தெரியும், அவரைத் தெரியும், வழி தெரியும், நீந்தத் தெரியும், மலையாளம் தெரியும். இரண்டு சொற்களின் அகலமும் ஏறக்குறைய ஒன்று. நுணுக்கங்கள்கூடப் பொருந்துகின்றன. ஒருவரோடு நேரில் பழகியிருந்தால் ஆங்கிலத்தில் ‘ஐ நோ ஹிம்’. கேள்விப்பட்டது மட்டும் என்றால் இடையில் ஓர் ‘ஆஃப்’ சேரும். நாமும் ‘அவரைத் தெரியும்’, ‘அவரைப் பற்றித் தெரியும்’ என்று அதே வித்தியாசத்தைச் சொல்கிறோம். ‘நீந்தத் தெரியும்’ என்பதற்கு மட்டும் ஆங்கிலத்துக்கு நடுவில் ஒரு ‘ஹவ்’ தேவைப்படுகிறது. நமக்கு அதுவும் வேண்டாம்.

இடறல் பெயர்ச்சொல்லில்தான். ‘நோ’விலிருந்து ‘நாலெட்ஜ்’ பிறந்ததுபோல் ‘தெரியும்’ என்பதிலிருந்து புழக்கத்தில் நிற்கும் ஒரு பெயர்ச்சொல் நம்மிடம் பிறக்கவில்லை. ‘தெரிவு’ இருக்கிறது, அது தேர்ந்தெடுத்தலுக்குப் போய்விட்டது. ‘தெரிதல்’ இலக்கண வகுப்புக்கு வெளியே யார் வாயிலும் இல்லை. அதனால் பக்கத்து வீட்டிலிருந்து ‘அறிவு’ என்ற சொல்லை இரவல் வாங்கிவந்து அந்த இடத்தில் உட்கார வைக்கிறோம். அறிவோ வேறு வேலைக்குப் பிறந்த சொல்.

தொல்காப்பியம் உயிர்களை வகைப்படுத்துகிற இடம் பலருக்கும் நினைவிருக்கும். புல்லும் மரமும் ஓரறிவு, எறும்பு மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு என்று போய், மனிதருக்கு ஆறறிவு என்று முடியும். அங்கே அறிவு என்பது தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணுதல், கேட்டல், மனத்தால் உணர்தல் ஆகிய ஆற்றல்கள். எறும்புக்கு மூன்று செய்திகள் தெரியும் என்பது பொருளல்ல. உலகம் அதற்குள் நுழைய மூன்று வாசல்கள் உண்டு என்பது பொருள். இன்றும் தெருவில் அந்தப் பொருள் சாகவில்லை. ‘உனக்கு அறிவிருக்கா?’ என்று ஒருவர் கேட்டால், எத்தனை நூல்கள் படித்தாய் என்று கேட்கவில்லை. மனிதனுக்கு இருக்க வேண்டிய அந்த ஆறாவது வாசல் திறந்திருக்கிறதா என்று கேட்கிறார். அதனால்தான் அந்தக் கேள்வி சுடுகிறது. ஆச்சிக்குச் சுட்டதும் அதே காரணத்தால்தான். தமிழில் அறிவு ஆளோடு ஒட்டிய தன்மை. ஆங்கிலத்தில் நாலெட்ஜ் என்பது ஆள் பெற்றுக்கொள்ளும் சரக்கு. சேரும், குறையும், ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறும், ஒரு குறிப்பிட்ட விஷயத்தில் இல்லாமலும் இருக்கும். இல்லாவிட்டால் யாருக்கும் அவமானமில்லை.

கூட்டுச்சொற்களில் அறிவு இந்த வேலையையும் ஒழுங்காகச் செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பொது அறிவு, எழுத்தறிவு, பட்டறிவு, மரபறிவு. முன்னால் ஒரு சொல் வந்து எல்லை கட்டிவிடுவதால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. எழுத்தறிவு இல்லாதவரை முட்டாள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். தனியாக விட்டால்தான் அந்தச் சொல் தன் பழைய குணத்துக்குத் திரும்பிவிடுகிறது.

எனவே நான் கண்டுகொண்ட வழி, பெயர்ச்சொல்லைக் கரைத்து வினையாக்கிவிடுவது. ‘டு மை நாலெட்ஜ்’ என்றால் ‘எனக்குத் தெரிந்தவரை’. அலுவலகக் கடிதத்தில் ‘இட் ஹேஸ் கம் டு அவர் நாலெட்ஜ்’ என்று வந்தால் ‘எங்களுக்குத் தெரியவந்துள்ளது’. ‘காமன் நாலெட்ஜ்’ என்றால் ‘எல்லாருக்கும் தெரிந்ததுதான்’. ‘டு யு ஹேவ் எனி நாலெட்ஜ் ஆஃப் திஸ்’ என்று மருத்துவமனைப் படிவத்திலோ காவல் நிலைய விசாரணையிலோ வந்தால் ‘இதைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?’. இவற்றில் எங்குமே அறிவு வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பு நெரிகிற இடத்திலெல்லாம் பெயர்ச்சொல்லை வினையாக மாற்றிப் பார்க்கச் சொல்லி, புதிதாக வருகிற இளைஞர்களிடம் இன்றும் சொல்லிவருகிறேன். நம் சட்டத்தமிழ் இப்படிக் கனமாகிப் போனதற்குப் பாதிக் காரணம், வினைகளால் ஓட வேண்டிய மொழியைப் பெயர்களால் கட்டிப்போட்டதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் இந்த வழி என்னை ஏமாற்றிய இடமும் உண்டு. அதுவும் சட்டத்தில்தான்.

1860இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 299ஆவது பிரிவு, கொலைக்குற்றம் ஆகாத மரண வழக்குகளுக்கு அடிப்படையானது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 100ஆவது பிரிவு நிற்கிறது. இரண்டிலும் ‘இன்டென்ஷன்’ ஒரு பக்கம், ‘நாலெட்ஜ்’ ஒரு பக்கம். சாகடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்வது ஒன்று. அந்த எண்ணம் இல்லை, ஆனால் இதைச் செய்தால் ஆள் சாகக்கூடும் என்று தெரிந்திருந்தது என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆயுள் தண்டனை வரை போகலாம். இரண்டாவதற்கு உச்சம் 10 ஆண்டு. எங்கள் பக்கத்து வயல்களை வைத்தே சொல்கிறேன். காட்டுப்பன்றி வராமலிருக்க ஒருவர் தோட்டத்தைச் சுற்றிக் கம்பி கட்டி, திருட்டு மின்சாரம் பாய்ச்சி வைக்கிறார். விடியற்காலையில் அந்த வரப்பில் நடந்துபோன கூலியாள் ஒருவர் செத்துப்போகிறார். தோட்டக்காரருக்கு அவரைக் கொல்லும் எண்ணம் துளியும் இல்லை. ஆனால் ஆள் நடக்கும் வரப்பில் மின்கம்பி கட்டினால் என்ன ஆகும் என்பது தெரியாதவரும் இல்லை. இந்தத் ‘தெரிந்திருந்தது’ ஒன்றைத்தான் சட்டம் ‘நாலெட்ஜ்’ என்கிறது.

இப்படியொரு குற்றப்பத்திரிகையைத் தமிழாக்கும்போது என் வழக்கப்படி ‘தெரிந்தே செய்தார்’ என்று எழுதிவிட்டேன். மூத்த வழக்கறிஞர் சிவப்பு மையால் வட்டமிட்டார். தமிழில் ‘தெரிஞ்சே பண்ணினான்’ என்றால் வேண்டுமென்றே செய்தான் என்று அர்த்தமாகிவிடும் அல்லவா? ‘ஏ’ என்ற ஓர் இடைச்சொல் ஒட்டியதும், எண்ணத்துக்கும் தெரிதலுக்கும் நடுவே சட்டம் எழுப்பிய சுவர் இடிந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆயுள் தண்டனை. ‘மரணம் நேரக்கூடும் என்பது தெரிந்திருந்தும்’ என்று மாற்றினோம். ‘தெரிந்தே’ என்பதற்கும் ‘தெரிந்திருந்தும்’ என்பதற்கும் இடையில் ஒருவருடைய வாழ்நாள் கிடக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அதற்குப் பிறகு இந்தச் சொற்களின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தேடத் தேட ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் எனக்கு விளங்கியது.

‘நாலெட்ஜ்’ என்பதன் மிகப் பழைய பொருள்களில் ஒன்று ஒப்புக்கொள்ளுதல். ஒருவரை மேலானவராக ஏற்றுக்கொள்வது, ஒன்றை வாய்விட்டு ஒத்துக்கொள்வது. ஒரு காலத்தில் அதை வினையாகவும் வைத்திருந்தார்கள். அந்த வினையின் வாரிசுதான் இன்றைய ‘அக்னாலெட்ஜ்’. நாம் பதிவுத் தபாலில் கேட்டு வாங்கிவந்த ஒப்புகை அட்டையின் பெயரில் அந்தப் பழைய பொருள் உட்கார்ந்திருக்கிறது.

வினையின் கதை இன்னும் நெருக்கமானது. பழைய ஆங்கிலத்தில் ‘க்னாவன்’ என்று கே ஒலியோடுதான் சொன்னார்கள். கத்தி, முழங்கால், முடிச்சு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களிலும் அந்தக் கே வாயில் ஒலித்தது. 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அது நாக்கிலிருந்து நழுவிப் போய், எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. இதே வேரிலிருந்து கிரேக்கத்தில் ‘க்னோசிஸ்’. நோயறிதலைக் குறிக்கும் ‘டயக்னோசிஸ்’ அதன் வழி வந்தது. சமஸ்கிருதத்தில் இதே வேர் ‘ஜ்ஞா’. அதிலிருந்து ஜ்ஞானம். தமிழ் வாய்க்கு முன்னெழுத்து ஒத்துவராததால் அதைக் கழற்றிவிட்டு ‘ஞானம்’ என்று வைத்துக்கொண்டோம். ஆக, ஆங்கில ‘நோ’வும் நம்மூர் ஞானமும் ஒரே வேரில் கிளைத்த பங்காளிகள். இருவரும் முதல் மெய்யை ஒலியில் இழந்தவர்கள். ஞானம் என்ற பெயருள்ளவர்கள் ஆங்கிலத்தில் கையெழுத்திடும்போது பலரும் ஜி, என் என்றுதான் தொடங்குகிறார்கள். ஒலிக்காத அந்த ஜி, ‘நோ’வின் ஒலிக்காத கே நிற்கும் அதே இடத்தில் நிற்கிறது. இது எனக்குத் தெரியவந்த நாளில், எங்கள் தெருவில் இருந்த ஒரு வாத்தியாரின் பெயர்ப்பலகையைப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஞானம் தமிழில் பல வீடுகளுக்குள் போயிருக்கிறது. ஞாபகம், விஞ்ஞானம், அஞ்ஞானம் எல்லாம் அதே வழிதான். தமிழ்நாட்டில் அறிவியல் என்கிற பாடத்தை இலங்கையில் பிள்ளைகள் விஞ்ஞானம் என்று படிக்கிறார்கள். சபைகளில் ‘சங்கீத ஞானம்’ என்றும், குருவிடம் முறையாகப் பயிலாமல் கேட்டுக் கேட்டே வந்ததைக் ‘கேள்வி ஞானம்’ என்றும் சொல்கிறார்கள். ‘ஏ குட் நாலெட்ஜ் ஆஃப் மியூசிக்’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமாக என்ன சொல்ல முடியும்? இங்கே மட்டும் ஆங்கிலம் நாலெட்ஜுக்கு முன்னால் ‘ஏ’ போட அனுமதிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மற்றபடி அது எண்ண முடியாத பெயர். பின்னால் எஸ் சேர்த்து பன்மையாக்கினால் பிழை. வேலை விண்ணப்பங்களில் நம்மவர்கள் ‘நாலெட்ஜ் இன்’ என்று எழுதுகிற இடத்தில் ஆங்கிலேயர் ‘ஆஃப்’ போடுவார்கள்.

இன்னொரு வேரும் இருக்கிறது. ‘விட்’, ‘வைஸ்’ என்ற ஆங்கிலச் சொற்களும், நம்மிடம் வந்து சேர்ந்த வேதமும் வித்தையும் அதில் கிளைத்தவை. அந்த வேரின் ஆதிப்பொருள் பார்த்தல். லத்தீனில் அது பார்த்தலாகவே நின்றது. ‘வீடியோ’ அங்கிருந்து வந்தது. ‘பார்த்திருக்கிறேன்’ என்பதே ‘தெரியும்’ என்று ஆனது. இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று உறைத்தது, நம் ‘தெரியும்’ என்பதும் அப்படித்தானே! மலை தெரிகிறது என்றால் கண்ணுக்குப் புலப்படுகிறது. விடை தெரிகிறது என்றால் மனத்துக்குப் புலப்படுகிறது. எந்த உறவும் இல்லாத இரண்டு மொழிக்குடும்பங்கள், காண்பதிலிருந்து தெரிவதற்கு ஒரே ஒற்றையடிப்பாதையில் நடந்து போயிருக்கின்றன.

நடந்த விதத்தில் மட்டும் ஒரு வேறுபாடு. ‘ஐ நோ’ என்னும்போது வாக்கியத்தின் எழுவாய் ‘நான்’. தமிழில் ‘நான் தெரியும்’ என்று சொல்ல முடியாது. ‘எனக்கு’த் தெரியும். தெரிவது அந்தப் பொருள். அது எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. தெலுங்கில் ‘நாகு தெலுசு’, கன்னடத்தில் ‘நனகெ கொத்து’, மலையாளத்தில் ‘எனிக்கறியாம்’. எல்லாவற்றிலும் நான்காம் வேற்றுமைதான். ஆங்கிலத்திலும் ‘மீதிங்க்ஸ்’ என்று ஒரு பழைய வடிவம் இருந்தது. ‘எனக்குத் தோன்றுகிறது’ என்பதன் நேர்வடிவம். அதை அவர்கள் கைவிட்டுவிட்டார்கள். நாம் விடவில்லை. பசி, வலி, கோபம் எல்லாம் எப்படி ‘எனக்கு’ வருகின்றனவோ அப்படியே தெரிவதும் வருகிறது. ஆச்சி கேட்ட திருத்தத்தை இப்போது இன்னும் தெளிவாக என்னால் விளக்க முடியும். ‘எனது அறிவின்றி’ என்பது அவரிடம் ஏதோ குறை என்று சொல்கிறது. ‘எனக்குத் தெரியாமல்’ என்பது, விற்பனை அவர் கண்ணுக்கு மறைக்கப்பட்டது என்று சொல்கிறது. குற்றம் யார் பக்கம் என்பதை வேற்றுமை உருபே சொல்லிவிடுகிறது.

சென்ற ஆண்டு ஒரு மாத இதழுக்காக லண்டன் கறுப்பு டாக்சி ஓட்டுநர்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்க நேர்ந்தது. அவர்கள் தேற வேண்டிய தேர்வின் பெயரே ‘தி நாலெட்ஜ்’. முன்னால் ஒரு ‘தி’, அவ்வளவுதான். 1865இல் தொடங்கியது. சாரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் ஆரத்துக்குள் சுமார் 25,000 தெருக்கள். அவற்றை 320 பாதைகளாகப் பிரித்து ஒரு நீலப் புத்தகம். ஒவ்வொரு பாதையின் தொடக்கத்திலும் முடிவிலும் கால் மைலுக்குள் இருக்கும் விடுதி, நாடக அரங்கு, காவல் நிலையம், மருத்துவமனை எல்லாமும் மனத்தில் இருக்க வேண்டும். கற்பவர்கள் சிறு மோட்டார் வண்டியில், கைப்பிடிக்கு மேல் வரைபடத்தைப் பொருத்திக்கொண்டு, மழையிலும் குளிரிலும் தெருத்தெருவாகச் சுற்றுவார்கள். மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். மாலையில் இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் இரண்டு இடங்களைச் சொல்ல மற்றவர் திருப்பம் திருப்பமாக உரக்க ஒப்பிப்பார். தேர்வறையிலும் அதே முறை. எதிரே ஒரு பரிசோதகர், வரைபடம் கிடையாது. முதலில் 56 நாளுக்கு ஒருமுறை அழைப்பார்கள், தேறத் தேற 28 நாளாகும், பிறகு 21.

எலினார் மக்வயர் என்ற நரம்பியல் அறிஞர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இந்த ஓட்டுநர்களின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்பக்கம் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. பிறவியிலேயே அப்படியா, பயின்றதால் வந்ததா என்ற கேள்வி எழுந்தது. 2011இல் வந்த அடுத்த ஆய்வு, கற்கத் தொடங்குமுன்னும் முடித்த பின்னும் அளந்து பார்த்தது. தேர்வில் தேறியவர்களுக்குத்தான் அது வளர்ந்திருந்தது. தெருக்கள் மனிதருக்குள் போய்ச் சதையாகவே ஆகியிருக்கின்றன.

இந்தத் தேர்வின் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘அறிவு’ என்று தலைப்பில் போட்டால் அது தத்துவக் கட்டுரை போலாகிவிடும். ‘ஞானம்’ என்றால் வண்டி ஓட்டுநருக்குத் தாடி முளைத்துவிடும். ‘வித்தை’ ஓரளவு நெருங்கியது. ஆனால் அதில் மாயக்காரரின் கைவேலை வாடை அடிக்கிறது. வினையாகக் கரைக்கவும் வழியில்லை, ஏனென்றால் இது பெயர். அவர்கள் ‘நாலெட்ஜ் பண்ணிக்கொண்டிருக்கிறேன்’ என்றே பேசுகிறார்கள். கட்டுரை நான்கு நாள் மேசையில் கிடந்தது.

ஐந்தாம் நாள் சந்திப்பு ரயில் நிலையத்துக்கு ஆட்டோவில் போனேன். மேம்பாலத்தில் நெரிசல். ஓட்டுநர் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒரு சந்துக்குள் திருப்பினார், அங்கிருந்து இன்னொன்று, ஒரு கோயில் மதிலை ஒட்டி மூன்றாவது.

“இதெல்லாம் எப்படிண்ணே?” என்றேன்.

“முப்பது வருசமா ஓட்டுதேன் சார். இந்த ஊரு நமக்கு அத்துப்படி.”

வீட்டுக்கு வந்து தலைப்பை ‘லண்டன் அத்துப்படி’ என்று மாற்றினேன். உள்ளே தேர்வின் பெயர் வரும் முதல் இடத்தில் மட்டும் ‘தி நாலெட்ஜ்’ என்று எழுதி, அதன்பின் எல்லா இடத்திலும் ‘அத்துப்படித் தேர்வு’ என்றே போட்டேன். பேச்சுவழக்காக இருக்கிறதே, ‘அறிவுத்தேர்வு’ என்று போடலாமா என்று இதழிலிருந்து கேட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லி, அந்த ஓட்டுநர் சொன்ன வாக்கியத்தையும் ஆச்சி சொன்ன வாக்கியத்தையும் தொலைபேசியில் அப்படியே சொல்லிக் காட்டினேன். அத்துப்படியாகவே அச்சானது.